கண்ணாடிச் சமையலறை

"ஒரு மையத்துக்குப் போனால் அங்கே எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?"

கேட்டவர் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சியில் பெடகோஜிஸ்தாவாகப் பணிபுரியும் பெண்மணி. பாலர் பள்ளிகளின் கல்விப் பணியை ஒருங்கிணைப்பவர்களை இத்தாலியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் முனை மடங்கிய ஒரு நோட்டு. நான் சென்னையில் அங்கன்வாடி மேற்பார்வையாளர், என் பொறுப்பில் 24 மையங்கள் என்று சொல்லியிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும்தான் இந்தக் கேள்வி வந்தது.

அரை மணி நேரம் என்றேன். பல நாட்களில் அதுகூட ஆகாது. வருகைப் பதிவேடு, எடைப் பதிவேடு, சத்துமாவு இருப்பு, முட்டைக் கணக்கு, கைபேசிச் செயலியில் எல்லாம் ஏற்றியாயிற்றா என்று ஒரு விசாரிப்பு, கடைசியில் கையெழுத்து. பிறகு அடுத்த மையம்.

"அந்த அரை மணியில் குழந்தைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?"

"அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்" என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் என் பதில் என் காதிலேயே விழுந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு, சேமிப்பைச் செலவழித்து இத்தாலிக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் ரோமும் வெனிஸும் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் இறங்கியது பொலோஞ்ஞா விமான நிலையத்தில். அங்கிருந்து மேற்கே போகும் ரயிலில் மோதெனாவைத் தாண்டினால் அடுத்த பெரிய ஊர் ரெஜ்ஜோ எமிலியா. வழி நெடுகப் போ நதியின் சமவெளி. தஞ்சாவூர்ப் பக்கம் பார்ப்பதுபோல் கண்ணுக்கு எட்டியவரை தட்டையான பூமி, நெல்லுக்குப் பதில் மாட்டுத் தீவனப் புல். பார்மிஜியானோ பாலாடைக்கட்டி இந்தப் புல்லில் இருந்துதான் தொடங்குகிறது. இங்குள்ள மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பக்கத்தில் நொவெல்லாரா என்ற சிற்றூரில் 2000-இலிருந்து ஒரு பெரிய குருத்வாரா இருக்கிறது. ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தலைப்பாகைப் பெரியவர் நான் எங்கே போகிறேன் என்று இந்தியில் கேட்டார். பள்ளிக்கூடம் பார்க்க என்றதும், "நீதோவா?" என்றார். நீதோ என்றால் கூடு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் காப்பகத்துக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயர் அது. தன் பேத்தி நீதோவில் இருக்கிறாள் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வாழும் ஊர். நம் கணக்குக்கு ஒரு நடுத்தர நகராட்சி. இந்த ஊருக்கு உலகம் முழுவதிலிருந்தும் பாலர் கல்விக்காரர்கள் படையெடுத்து வருவதற்கு ஒரு வழக்கமான காரணம் சொல்வார்கள்: 1991-இல் நியூஸ்வீக் இதழ் உலகின் மிகச் சிறந்த பள்ளிகளைப் பட்டியலிட்டபோது பாலர் பள்ளிகளில் இவ்வூரின் தியானா பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. நான் வந்ததற்குக் காரணம் வேறு. இது தனியார் பள்ளி இல்லை, நகராட்சிப் பள்ளி. நகராட்சியின் வரிப்பணத்தில் நடப்பது. வருமானத்துக்கு ஏற்பத்தான் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பாலர் பள்ளி அறுபது ஆண்டுகளாகத் தரம் குறையாமல் எப்படி நிற்கிறது, அதை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் தொழிலே அதுதானே.

வெளியாட்களைக் குழுவாகத்தான் அனுமதிக்கிறார்கள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் லொக்காத்தெல்லி நிறுவனத்தின் பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கை மாற்றி, 2006-இல் லோரிஸ் மலகுட்ஸி பன்னாட்டு மையம் திறந்தார்கள். குழுக்கள் கூடுவது அங்கேதான். மலகுட்ஸி ஆசிரியர். 1920-இல் பிறந்தவர், 1994 ஜனவரியில் இறக்கும்வரை இந்தப் பள்ளிகளோடே வாழ்ந்தவர். குழந்தைக்கு நூறு மொழிகள் உண்டு என்று அவர் எழுதிய கவிதை உலகப் புகழ் பெற்றது. களிமண், கம்பி, நிழல், வண்ணம், ஓட்டம், பாட்டு என்று குழந்தை தன்னைச் சொல்லும் வழிகள் அத்தனையும் அவருக்கு மொழிதான்.

மறுநாள் ஒரு பள்ளிக்குள் அழைத்துப் போனார்கள். படம் எடுக்கக் கூடாது, குழந்தைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது, நோட்டும் பேனாவும் மட்டும். கதவைத் திறந்ததும் ஒரு பெரிய நடுக்கூடம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பியாட்சா, ஊர்ச் சதுக்கம். வகுப்பறைகள் எல்லாம் அதில் வந்து திறக்கின்றன. ஒரு மூலையில் உள்ளே புகுந்து நிற்கும்படி கண்ணாடிகளால் செய்த முக்கோணக் கூடாரம். இரண்டு வாண்டுகள் அதற்குள் நின்று தங்கள் நூறு பிம்பங்களுக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தன. வாசலுக்கு அருகிலேயே சமையலறை. அதன் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல். உள்ளே வெள்ளைத் தொப்பியோடு ஒரு அம்மா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பையன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. எங்கள் ஆயாம்மாக்கள் நினைவுக்கு வந்தார்கள். புகை படிந்த ஒரு மூலையில், குழந்தைகளுக்கு முதுகைக் காட்டியபடி, யார் கண்ணிலும் படாமல் பருப்பு வேகவைக்கும் அந்தப் பெண்களை அதிகாரி வரும் நாளில் மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள். இங்கே சமையல்காரரும் ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்கிறார். எந்தக் குழந்தை எதைத் தட்டில் மிச்சம் வைத்தது என்பது அவருக்குத்தானே முதலில் தெரியும்.

பதினொன்றரை மணி. மதியச் சாப்பாட்டுக்கு மேசை போட வேண்டும். அன்றைய முறை ஐந்து வயது இருக்கும் ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும். பீங்கான் தட்டு, கண்ணாடித் தம்ளர், நிஜமான முள்கரண்டி. பிளாஸ்டிக் எதுவும் இல்லை. சிறுமி ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே ஒரு முள்கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். கடைசி இடத்துக்குக் கரண்டி இல்லை. நின்றாள். கையைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி மறுபடி நடந்தாள், இப்போது ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, உதடு அசைய. ஐந்தாவது இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கரண்டிகள் இருந்தன. எடுத்துக்கொண்டு போய்க் கடைசி இடத்தில் வைத்தாள். சிறுவன் இதைக் கவனிக்கவே இல்லை. மடித்த துணிகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

நான் பார்த்தது சிறுமியை மட்டும் இல்லை. இரண்டடி தூரத்தில் ஆசிரியை நின்றார். இரண்டு கரண்டி ஒரே இடத்தில் விழுந்ததை அவர் அப்போதே கண்டுவிட்டார்; அவர் கண் அங்கே போனதை நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. கையில் இருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். எனக்கோ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது: "பாப்பா, அங்க பாரு, ரெண்டு இருக்கு!" அதைச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையின் அன்றைய கணக்குப் பாடத்தை நான் பறித்திருப்பேன்.

அந்த நோட்டில் எழுதியது எங்கே போகிறது என்று பிறகு கேட்டேன். அங்கேதான் இவர்களுடைய மேற்பார்வையே இருக்கிறது. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், இருவரும் சமம்; பள்ளிக்குத் தலைமையாசிரியர் கிடையாது. கலை படித்த ஒருவர் அதெலியரிஸ்தா என்ற பெயரில் எல்லா வகுப்புக்கும் பொதுவாக இருக்கிறார். ஆசிரியரின் வாரம் 36 மணி நேரம். அதில் சில மணி நேரம் குழந்தைகளோடு இருப்பதற்கு அல்லாமல், எழுதியதையும் எடுத்த படங்களையும் வைத்துக்கொண்டு சக ஆசிரியர்களோடு பேசுவதற்கும் பெற்றோரைச் சந்திப்பதற்கும் என்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது சம்பளத்தோடு சேர்ந்த நேரம். பெடகோஜிஸ்தாவின் பொறுப்பில் ஒரு சில பள்ளிகள்தான். அவர் வந்தால் இந்தக் குறிப்புகளைச் சுற்றித்தான் எல்லாரும் உட்கார்வார்கள். குழந்தை என்ன சொன்னது, நீங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், வேறு எப்படியும் புரிந்துகொள்ளலாமா? பேசித் தெளிந்தவை படமும் எழுத்துமாகச் சுவருக்குப் போகின்றன. பெற்றோர் வாசிக்கிறார்கள், பாட்டி தாத்தா வாசிக்கிறார்கள், நகராட்சி உறுப்பினர் வந்தால் அவரும் வாசிக்கிறார்.

நம் ஊரில் பதிவேடு பீரோவுக்குள் இருக்கும். சாவி பணியாளரிடம் இருக்கும். திறப்பது எனக்காக.

இதை ஒப்பிட்டுக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எந்தப் பசியை எதிர்த்துப் பிறந்தது என்பது எனக்குத் தெரியும். எடைப் பதிவேடு வெறும் காகிதம் இல்லை. அதில் ஒரு கோடு கீழே சரிவதைப் பார்த்து ஓடிப் போய்க் காப்பாற்றிய குழந்தைகள் உண்டு. தடுப்பூசி, சத்துணவு, கர்ப்பிணிப் பெண்கள், மருத்துவப் பரிந்துரை என்று ஒரு அங்கன்வாடிப் பணியாளரின் தோளில் இருக்கும் அத்தனையையும் சொன்னபோது அந்தப் பெடகோஜிஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒரே ஆளா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்றேன். ஆனால் இத்தனைக்கும் நடுவே முன்பருவக் கல்வி என்ற ஒன்றும் நம் பட்டியலில் இருக்கிறது. அதற்குத்தான் என்னிடம் பதிவேடு இல்லை. அதனால் அதை நான் பார்த்ததும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலை. வடசென்னையில் ஒரு மையம், ஒற்றை அறை, முன்னால் சின்னத் திண்ணை. நான் போனபோது பணியாளரும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளும் திண்ணையில் குப்புறப் படுத்திருந்தார்கள். எறும்பு வரிசை ஒன்று சர்க்கரைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் எறும்புக்காக ஒரு பாட்டை அங்கேயே கட்டிப் பாட, குழந்தைகள் அடுத்த அடியை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வாங்க மேடம்." பாட்டு நின்றது. நான் இருப்புப் பதிவேட்டைக் கேட்டேன். அன்று ஒரு கிலோ பருப்புக்குக் கணக்கு இடித்தது, கூட்டல் பிழை. அதற்காகக் குழந்தைகள் முன்னாலேயே அவரைக் கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் போன எந்த நாளிலும் அந்த மையத்தில் பாட்டு கேட்டதில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரெஜ்ஜோவின் அந்தப் பள்ளி வாசலில் நின்றபோது, பெயரைக்கூட மறந்துவிட்ட அந்தப் பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்த ஏற்பாடு யாரோ ஒரு மேதை வரைந்து கொடுத்த திட்டம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். ஏப்ரல் 25 அந்த எண்ணத்தை மாற்றியது. இத்தாலி நாஜிகளிடமிருந்தும் பாசிஸ்டுகளிடமிருந்தும் விடுபட்ட நாள், நாடு முழுவதும் விடுமுறை. குழுவில் நாலு பேர் சேர்ந்து ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் வில்லா செல்லாவுக்குப் போனோம். 1945 வசந்தத்தில், போர் முடிந்த சில நாட்களிலேயே, அந்தக் கிராமத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது: ஓடிப்போன ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டி, சில லாரிகள், சில குதிரைகள் இவற்றை விற்ற பணம். அதை வைத்து என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டுவது என்று முடிவானது. குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லைச் சுமந்து வந்து, காரையைத் தட்டி, கழுவி அடுக்கினார்கள். ஆற்றிலிருந்து மணல் எடுத்தார்கள். செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்த இளம் ஆசிரியர்தான் மலகுட்ஸி. பள்ளி அவரைத் தேடிப் போகவில்லை. கட்டிக்கொண்டிருந்த பெண்களைத் தேடி அவர் வந்தார்.

அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. பெயரே "ஏப்ரல் 25". விடுமுறை என்பதால் கதவு பூட்டியிருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து இந்தச் சுவர்களை எழுப்பினோம் என்ற பொருளில் ஒரு கல்வெட்டு உண்டென்று எங்களோடு வந்தவர் சொன்னார். வேலிக்கு அப்பால் ஒரு சிவப்பு வாளி மழைத்தண்ணீரோடு கவிழாமல் நின்றிருந்தது. நெடுநேரம் அங்கே நின்றோம்.

பின்னாலும் எளிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் இத்தாலியில் பாலர் பள்ளி என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில். நகராட்சி தன் சொந்தப் பொறுப்பில் முதல் பள்ளியைத் திறந்தது 1963-இல், இரண்டே வகுப்பறைகளோடு. பெயர் ராபின்சன், குரூசோவின் நினைவாக. அரசுப் பாலர் பள்ளிகளுக்கான தேசியச் சட்டம் வந்தது 1968-இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே நகராட்சி முந்திக்கொண்டது. 1971-இல் திறந்த நீதோவுக்கு ஜெனோவெஃபா செர்வி என்று பெயர் வைத்தார்கள். 1943 டிசம்பர் 28 அன்று இவ்வூரில் பாசிஸ்டுகள் ஒரே நாளில் சுட்டுக் கொன்ற ஏழு சகோதரர்களின் தாய் அவர். ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் பெயரைக் கைக்குழந்தைகளின் கூட்டுக்கு வைத்த மனசு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று அந்தப் பக்கத்தில் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டே, 1972-இல், நகர மன்றம் பாலர் பள்ளிகளுக்கான விதிமுறையை நிறைவேற்றியது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அதெலியரிஸ்தா, பெற்றோரின் பங்கு எல்லாம் விதியாகவே ஆயின.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1976 நவம்பருடையது. அரசு வானொலி வழியாகக் கத்தோலிக்கத் தரப்பின் குரலாகப் பேசியவர் நகராட்சிப் பள்ளிகள் மேல் தாக்குதல் தொடுத்தார்: குழந்தைகளைக் கெடுக்கிறார்கள், மதப் பள்ளிகளுக்குத் தொல்லை தருகிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏழு நாள். நம் வழக்கப்படி என்ன நடந்திருக்கும்? விளக்கக் கடிதம், விசாரணைக் குழு, பணியாளர் இருவருக்குக் குறிப்பாணை. மலகுட்ஸி வழக்கமான திட்டப் பணிகளை நிறுத்திவிட்டு, உள்ளூர்ப் பாதிரிமார்களைப் பள்ளிக்குள்ளேயே வந்து பேசும்படி அழைத்தார். ஏறக்குறைய ஐந்து மாதம் அந்தப் பொது விவாதம் நடந்தது. கடுமை மெல்லத் தணிந்து, இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கியது என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று இதே நகரத்தில் நகராட்சிப் பள்ளிகளோடு அரசுப் பள்ளி, கூட்டுறவு நடத்தும் பள்ளி, திருச்சபை சார்ந்த பள்ளி எல்லாம் ஒரே வலையில் இயங்குகின்றன.

தமிழில் நம் வேலைக்கு மேற்பார்வை என்று பெயர். சொல்லிலேயே "மேல்" இருக்கிறது. பார்ப்பவர் உயரத்தில் நிற்பவர் என்று பெயர் வைத்தபோதே முடிவாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். இங்கே நான் கண்ட பார்வை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அதற்குச் செலவு அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆசிரியர் பேசுவதற்கான நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு 24 மையம் என்று இருந்தால் யாராலும் உட்கார முடியாது, நிற்கத்தான் முடியும். ஆகவே என் வேண்டுகோள் பணம் ஒதுக்குபவர்களிடம்தான் முதலில். மையங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம், எண்ணிக்கையைப் பற்றி அல்லாமல் குழந்தைகளைப் பற்றிப் பணியாளர்கள் பேசிக்கொள்ள நேரம் கொடுங்கள். உணவும் எடையும் எப்படிக் கட்டாயமோ அப்படி இதுவும்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை இங்கே சிறப்பு உரிமை கொண்ட குழந்தைகள் என்கிறார்கள். சேர்க்கையில் முதல் இடம் அவர்களுக்கு. தேவை என்று சொல்லும் இடத்தில் உரிமை என்று சொல்கிறார்கள்.

கடைசி நாள் காலையில் சான் ப்ரொஸ்பெரோ தேவாலயத்துக்கு முன்னால் உள்ள பளிங்குச் சிங்கங்களைப் பார்த்தேன். இவ்வூர்க் குழந்தைகள் அவற்றின் முதுகில் ஏறி, தடவி, அளந்து, வரைந்த பணி எண்பதுகளில் ஒரு குறும்படமாகவே வந்திருக்கிறது. நான் பார்த்த சிங்கத்தின் முதுகும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

அன்று மாலை ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம். விருந்தினராக ஓரத்தில் உட்கார அனுமதித்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் ஊர்க்காரரும் சேர்ந்த ஒரு மன்றம் உண்டு. குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். மழை நாளிலும் குழந்தைகளைத் தோட்டத்துக்கு அனுப்பலாமா என்பது பேச்சு. ஒரு தாத்தா கூடாது என்றார், சளி பிடிக்கும். ஒரு இளம் தகப்பன் ரப்பர் காலணி வாங்கித் தரலாமே என்றார். சுடிதார் அணிந்த ஒரு பஞ்சாபிப் பெண், இத்தாலிய மொழியில் தயங்கித் தயங்கி, தன் ஊரில் முதல் மழைக்குக் குழந்தைகளை வெளியே விடுவார்கள் என்று சொன்னார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சமையல்காரர், அப்படியானால் அன்று சூடான சூப் வைக்கிறேன், ஆனால் எனக்கு முந்தின நாளே தெரிய வேண்டும் என்றார். பெடகோஜிஸ்தா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "மழையைப் பற்றிக் குழந்தைகள் என்ன சொல்கிறார்கள், யாராவது கேட்டீர்களா?"

அறையில் ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ஒன்பதரைக்கு என் பேருந்து. எழுந்து வந்தேன். நிறுத்தத்தில் இருந்து பார்த்தால் பள்ளியின் கண்ணாடிச் சுவர் முழுவதும் வெளிச்சம். தாத்தா கையை ஆட்டி ஏதோ சொல்ல, அந்தப் பஞ்சாபிப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரர் எழுந்து போய் ஒரு தட்டில் எதையோ கொண்டுவந்து நடுவில் வைத்தார். பேருந்து வளைவில் திரும்பும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.